ரெண்டு சர்வர்ல ஒரே ஃபைல்: கிளஸ்டரா, செஃப்பா, டிஎஃப்எஸ்ஸா, இல்ல ஒத்த சர்வரே போதுமா?

ஃபைல் லிஸ்ட்ல இருக்கு, பேரு தெரியுது, டபுள் கிளிக் பண்ணா மட்டும் தொறக்கல. விண்டோஸ் மெஷின்ல ஏதோ மொட்டையா ஒரு மெசேஜ் வருது, சர்வர்ல போய் நேரா படிச்சுப் பார்த்தா 'இன்புட் அவுட்புட் எரர்'. ஆவணி மாசம் முதல் முகூர்த்த வாரம், சிங்கப்பூர் உபியில ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ, காலையில எட்டு மணி. ஜோகூர்ல இருந்து தினமும் காஸ்வே தாண்டி வர்ற எடிட்டர் தங்கச்சிதான் முதல்ல பார்த்துச்சு. "அண்ணே, நேத்து சேவ் பண்ணது இன்னிக்கு ஓப்பன் ஆக மாட்டேங்குது, டிஸ்க் போச்சா?"ன்னு போன். டிஸ்க் போகல. டிஸ்க் போயிருந்தா கூட பரவாயில்லைன்னு அன்னிக்கு மத்தியானம் எனக்குத் தோணுச்சு.

அங்க ரெண்டு சர்வர் வச்சுக் கொடுத்தது நான்தான், அதனால யாரையும் குத்தம் சொல்ல வழியில்ல. கிளஸ்டர்எஃப்எஸ், அதாவது ஜி-ல ஆரம்பிக்கிற கிளஸ்டர், தமிழ்ல எழுதினா சி-ல ஆரம்பிக்கிறதும் இதுவும் ஒண்ணாத்தான் தெரியும், இந்தக் கட்டுரை முழுக்க கிளஸ்டர்னா அந்த சாஃப்ட்வேர்தான். ஒரே ஃபைலை ரெண்டு சர்வர்லயும் சேர்த்து எழுதி வைக்கிறது அதோட வேலை: ரெண்டு காப்பி, 'ரெப்ளிகா 2'. முன் ரூம்ல ஒரு சர்வர், பின் ரூம்ல ஒரு சர்வர், ரெண்டு ரூமுக்கும் தனித்தனி ஸ்விட்ச், நடுவுல கார்ப்பெட்டுக்கு அடியில ஒரு கேபிள். முன் ரூம் எடிட்டர்கள் முதல் சர்வரோட சாம்பா ஷேர்ல (சர்வர் ஃபோல்டரை விண்டோஸ் மெஷினுக்குக் காட்டுற சாஃப்ட்வேர்தான் சாம்பா), பின் ரூம் ஆளுங்க ரெண்டாவது சர்வரோட ஷேர்ல. லோடு பிரியும்னு நெனச்சேன். லோடும் பிரிஞ்சுது, ஒரு நாள் டேட்டாவும் பிரிஞ்சுது.

நடந்தது இதுதான். முந்தின நாள் மத்தியானம் யாரோ மேசைய நகர்த்தியிருக்காங்க, கேபிளோட பிளாஸ்டிக் கிளிப் ஏற்கனவே உடைஞ்சது, லேசா இழுத்ததும் கழண்டிருச்சு. அந்த நேரத்துல எல்லார் ஸ்கிரீனும் கொஞ்ச நேரம் ஆடாம நின்னுச்சாம். கிளஸ்டர்ல நெட்வொர்க் பிங் டைம்அவுட் டீஃபால்ட்டா 42 செகண்ட், எதிர் சர்வர் பதில் சொல்லலைன்னா அவ்வளவு நேரம் காத்திருக்கும், அப்புறம் 'அவன் போயிட்டான், நான் மட்டும் பாத்துக்கறேன்'னு தன்கிட்ட இருக்கிற காப்பியில எழுத ஆரம்பிச்சுரும். ரெண்டு ரூம்லயும் அதுதான் நடந்துச்சு. 42 செகண்ட் கழிச்சு ரெண்டு பக்கமும் நல்லா ஓட ஆரம்பிச்சதுதான் கொடுமை, ஏன்னா யாருக்கும் புகார் சொல்லத் தோணல. எடிட்டிங் மெஷினுக்கு இன்டர்நெட் வேண்டாம்னு நானே கட் பண்ணி வச்சிருந்ததால பின் ரூம்ல நெட் போனதும் ஒருத்தருக்கும் தெரியல. மூணு மணி நேரம் ரெண்டு ரூமும் ரெண்டு தனி ஆபீஸ் மாதிரி வேலை பார்த்திருக்கு. சாயங்காலம் கூட்டிப் பெருக்க வந்த அக்கா கழண்ட கேபிளைப் பார்த்துட்டு நல்ல மனசோட திருப்பிச் சொருகிட்டுப் போயிட்டாங்க.

ஒரு பக்கம் மட்டும் எழுதின ஃபைல் எல்லாம் தானா சரியாயிருச்சு. கிளஸ்டர்ல செல்ஃப் ஹீல்னு ஒரு வேலைக்காரன் பின்னாடி ஓடிக்கிட்டே இருப்பான், 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வந்து, எந்தக் காப்பி பழசுன்னு பார்த்து புதுசை அங்க எழுதி வச்சுருவான். ரெண்டு பக்கமும் எழுதின ஃபைல்தான் மாட்டிக்கிச்சு. முதல் சர்வர் 'அவன்கிட்ட இருக்கிறது பழசு'ங்குது, ரெண்டாவது சர்வரும் அதையே முதல் சர்வரைப் பார்த்துச் சொல்லுது. இதுக்குப் பேரு ஸ்ப்ளிட் பிரெயின். எது சரின்னு கிளஸ்டருக்குத் தெரியாது, அதனால தொறக்க விடாது. அது எரர் காட்டினதை நான் தப்பு சொல்ல மாட்டேன், முந்தின நாள் மத்தியானம் காட்டாததுதான் தப்பு.

அந்த மூணு மணி நேரத்துல 17 ஃபைல் அப்படி. அதுல மோசமானது ஆர்டர் ஷீட், எக்செல். எக்செல் சேவ் பண்ணும்போது பழைய ஃபைல் மேலயே எழுதாது, புதுசா ஒரு டெம்ப் ஃபைல் எழுதி, பழசை எடுத்துட்டு, புதுசுக்கு அதே பேரை வைக்கும். ரெண்டு ரூம்லயும் சேவ் பண்ணதால ஒரே பேருல ரெண்டு வேற வேற ஃபைல், உள்ள இருக்கிற அடையாள நம்பரே வேற. லிஸ்ட் அடிச்சா பேருக்கு முன்னாடி வரிசையா கேள்விக்குறி. அதைப் பார்த்தவங்களுக்கு வயித்துல என்ன பண்ணும்னு தெரியும்.

எது வாங்கலாம்னு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஃபைல் தொறக்கலைன்னதும் எல்லாத்துக்கும் ரெப்ளிகேஷனைத் திட்டக்கூடாது, எரர் வார்த்தையை முதல்ல படிக்கணும், நானே எத்தனையோ தடவை படிக்காம ரீஸ்டார்ட் பண்ணி மாட்டியிருக்கேன். 'பெர்மிஷன் டினைட்'னா முக்கால்வாசி யூசர் நம்பர் பிரச்னை, ரெண்டு சர்வர்லயும் பேரு ஒண்ணா இருக்கும், நம்பர் ஒண்ணுல 1001, இன்னொண்ணுல 1004, ஃபைல் சிஸ்டத்துக்கு நம்பர்தான் தெரியும், பேர் தெரியாது. என்எஃப்எஸ்ஸா (லினக்ஸ்ல நெட்வொர்க் வழியா ஃபோல்டரைப் பகிர்ற முறை) இருந்தா இன்னொரு கூத்து, சாதாரண முறையில ஒரு யூசருக்கு 16 குரூப்புக்கு மேல அது அனுப்பாது, 17ஆவது குரூப்ல உரிமை இருந்தா அந்த ஆளுக்கு மட்டும் காரணமே இல்லாம கதவு சாத்தும். 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்'னா நீங்க பிடிச்சிட்டிருந்த ஃபைல் சர்வர்ல போயிருச்சு, இல்ல ஷேரையே மாத்திட்டாங்க, ஷேரைக் கழட்டித் திருப்பி மாட்டி, அதாவது மவுண்ட் பண்ணிப் பாருங்க. 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டட்'னா பெரும்பாலும் கிளஸ்டரோட கிளையன்ட் புரோகிராம் செத்துருச்சு, இல்ல லைன் இல்ல. எரரே வராம அப்படியே தொங்கினா, கில் பண்ணாலும் சாகலைன்னா, அது பெரும்பாலும் சர்வர் வர்ற வரைக்கும் விடாமக் காத்திருக்கிற என்எஃப்எஸ் ஹார்ட் மவுண்ட், இல்ல செஃப் (அது கீழ வருது). 'இன்புட் அவுட்புட் எரர்' வந்தா மட்டும் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு, நெஜமாவே டிஸ்க் அடி வாங்கியிருக்கு, இல்ல ஸ்ப்ளிட் பிரெயின். கெர்னல் லாக்ல டிஸ்க் எரர் இல்லைன்னா முதல்ல ரெண்டாவதைச் சந்தேகப்படுங்க. கிளஸ்டர்ல 'வால்யூம் ஹீல் இன்ஃபோ'ன்னு கேட்டா எந்தெந்த ஃபைல் மாட்டியிருக்குன்னு அதுவே பேரைப் போட்டு, பக்கத்துல ஸ்ப்ளிட் பிரெயின்னு எழுதிக் கொடுக்கும்.

17 ஃபைலையும் எப்படி மீட்டேன்ங்கிறது இந்த ஒப்பீட்டுக்குள்ளயே ஒரு குட்டி ஒப்பீடு. கிளஸ்டர் மூணு வழி கொடுக்குது: பெரிய ஃபைல் ஜெயிக்கட்டும், கடைசியா மாத்தினது ஜெயிக்கட்டும், இல்ல இந்த சர்வர்ல இருக்கிறது ஜெயிக்கட்டும். ரெண்டர் ஆன வீடியோவுக்குப் பெரிய ஃபைல் சரி, பாதியில நின்னது சின்னதாத்தான் இருக்கும். கடைசியா மாத்தினதுங்கிறது கேக்க நல்லா இருக்கு, ஆனா ரெண்டு சர்வர் கடிகாரமும் ஒத்துப் போகணும், என் ரெண்டாவது சர்வர் நாலு நிமிஷம் பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு, டைம் சர்வரை அது என்னிக்குக் கடைசியா பார்த்துச்சோ. புராஜெக்ட் ஃபைலுக்கும் ஆர்டர் ஷீட்டுக்கும் மூணுமே உதவாது, ஏன்னா ரெண்டுலயும் உண்மையான வேலை இருக்கு, ஒண்ணை ஜெயிக்க வச்சா ஒருத்தரோட மூணு மணி நேர உழைப்பு போகும். அதனால கமாண்டைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு சர்வரோட பிரிக்ல (கிளஸ்டர் ஃபைலை உண்மையில போட்டு வச்சிருக்கிற ஃபோல்டர்) இருந்தும் 17 ஃபைலையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துக்கிட்டேன். பிரிக்ல இருந்து காப்பி எடுக்கலாம், பிரிக்குள்ள எழுதத்தான் கூடாது. அப்புறம் எடிட்டர்களைப் பக்கத்துல உக்கார வச்சு ரெண்டையும் தொறந்து காட்டி ஒட்டுப்போட்டோம். ராத்திரி பதினோரு மணி. ஆர்டர் ஷீட்ல பின் ரூம் அக்கா புதுசா சேர்த்த ஒரு நிச்சயதார்த்தம் முன் ரூம் காப்பியில இல்லவே இல்ல. கண்ணை மூடிட்டு 'கடைசியா மாத்தினது'ன்னு அடிச்சிருந்தா, அந்த வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு கேமராவே போயிருக்காது.

மறுநாள் ஓனர் அண்ணே கோப்பி வாங்கிக் கொடுத்துட்டு நேராக் கேட்டார். "தம்பி, இத வச்சிக்கலாமா, தூக்கிப் போட்டுரலாமா? ரெண்டு சர்வருக்குக் காசு குடுத்தது இந்த மாதிரி ஆகக்கூடாதுன்னுதானே?" நியாயமான கேள்வி. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த வாரம் நான் பார்த்ததைத்தான் இங்க எழுதறேன், ஸ்பீடு டெஸ்ட் எதுவும் எதிர்பார்க்காதீங்க. ஸ்பீடை யாரும் அளந்து போட்டுருவாங்க. நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணு: நடுக் கேபிள் கழண்டா ஒவ்வொண்ணும் என்ன பண்ணும், அது எரர்னு சொல்லுமா, சொன்னா யாருக்குப் புரியும்.

முதல் வழி, இருக்கிற கிளஸ்டர்லயே ஆர்பிட்டர் சேர்க்கிறது. மூணாவதா ஒரு சின்ன மெஷின், அதுல ஃபைலோட பேரும் விவரமும் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது, அதனால பெரிய டிஸ்க் வேண்டாம், ஒரு ஃபைலுக்கு 4 கேபி கணக்குப் போட்டா போதும், பழைய மினி பிசி ஒண்ணு தாராளம். ஏற்கனவே ஓடுற ரெப்ளிகா 2லயே இதைச் சேர்க்கலாம், டேட்டாவை நகர்த்த வேண்டியதில்ல. மூணு பேர்ல ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாத்தான் எழுத விடும். என் கதையில ஆர்பிட்டர் முன் ரூம்ல இருந்திருந்தா, கேபிள் கழண்டதும் முன் ரூம் ஓடியிருக்கும், பின் ரூம்ல எழுத முடியாமப் போயிருக்கும், ரெண்டு நிமிஷத்துல பின் ரூம் அக்கா கத்தியிருப்பாங்க, நான் போன்லயே 'கேபிள் பாருங்க'ன்னு சொல்லியிருப்பேன். ரெப்ளிகா 2லயும் கோரம், அதாவது இத்தனை பேர் இருந்தாத்தான் எழுதலாம்ங்கிற விதி, போடலாம், ஆனா அதுல முதல் சர்வர் இருந்தாத்தான் எழுத விடும்னு ஆயிரும், முதல் சர்வர் செத்தா எல்லாம் நிக்கும், அப்புறம் ரெண்டாவது எதுக்குன்னு எல்லாரும் ஆஃப்ல வச்சிருப்பாங்க, நானும் அப்படித்தான் வச்சிருந்தேன்.

விலையும் குறைவு, வேலையும் ஒரு ராத்திரி. அப்ப ஏன் தயங்கினேன்? ரெண்டு காரணம். ஒண்ணு, கிளஸ்டரோட நெலம. 2011ல ரெட் ஹேட் அந்தக் கம்பெனியை வாங்குச்சு, இப்ப ரெட் ஹேட்டோட விலைக்கு வித்த கிளஸ்டர் ஸ்டோரேஜ் 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போச்சு. ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் இருக்கு, ஆனா முன்ன மாதிரி ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. ரெண்டாவது காரணம் பெருசு: அடுத்த தடவை ஏதாவது ஆனா அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். ஒவ்வொரு ஃபைல் மேலயும் யாரு யாரைக் குத்தம் சொல்றாங்கன்னு 24 எழுத்து ஹெக்ஸ் நம்பரா எழுதி வச்சிருக்கும், முதல் எட்டு டேட்டா, அடுத்த எட்டு மெட்டாடேட்டா, கடைசி எட்டு ஃபோல்டர் என்ட்ரி. எனக்கு அதைப் படிக்கப் பிடிக்கும். நான் ஊருக்குப் போயிருக்கும்போது அந்தத் தங்கச்சி அதைப் படிக்கணுமா?

ரெண்டாவது வழி செஃப், ஃபைலைப் பல மெஷின்ல பிரிச்சுக் காப்பி வைக்கிற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் ஸ்டோரேஜ், படிப்பு வாசனை உள்ள எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. சேஜ் வைல் கலிஃபோர்னியாவுல சாண்டா குரூஸ்ல பிஎச்டிக்கு ஆரம்பிச்சது, 2006ல பேப்பர், 2014ல அதுக்குப் பின்னாடி இருந்த கம்பெனியையும் ரெட் ஹேட்தான் வாங்குச்சு, ஃபைல் சிஸ்டம் பகுதி 2016ல ஜுவல் ரிலீஸ்லதான் ஸ்டேபிள்னு அறிவிச்சாங்க. கேபிள் கழண்டா செஃப் என்ன பண்ணும்? நிக்கும். மூணு காப்பி, குறைஞ்சது ரெண்டு இருந்தாத்தான் வேலை நடக்கும், அதுக்குக் கீழ போனா அந்தப் பகுதி டேட்டாவுக்கு எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது, எரர் கூட வராது, திரும்ப ஆள் வர்ற வரைக்கும் புரோகிராம் அப்படியே தொங்கும். மானிட்டர்களும் (ஸ்கிரீன் இல்ல, யாரு உயிரோட இருக்காங்கன்னு கணக்கு வச்சுக்கிற புரோகிராம்) பாதிக்கு மேல இருந்தாகணும், அதனால மூணு. ரெண்டு உண்மைங்கிற பேச்சுக்கே இடம் கொடுக்காது, அந்த விஷயத்துல நான் தலை வணங்குறேன்.

ஆனா தொங்குறதுதான் அங்க வியாதி. எடிட்டர் பார்க்கிறது ஒரு சுத்துற வட்டம், அதுக்குக் காரணம் பத்து இருக்கும். டிஸ்க் ஸ்லோவா, நெட்வொர்க்கா, டிஸ்க் 95 சதவீதம் ரொம்பி எழுதுறதை நிறுத்திருச்சா (85லயே வார்னிங் கொடுக்கும், யார் பார்த்தா), இல்ல ஒரு லேப்டாப் ஃபைல் உரிமையைப் பிடிச்சுக்கிட்டு மூடி வச்சுத் தூங்குதா. கடைசியா சொன்னது நெஜமாவே நடக்கும், ஃபைல் பேரையும் உரிமையையும் பாத்துக்கிற மெட்டாடேட்டா சர்வர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு, டீஃபால்ட்டா 300 செகண்ட்ல அந்த கிளையன்ட்டை வெளிய தள்ளி பிளாக்லிஸ்ட்ல போட்டுரும், லேப்டாப் முழிச்சதும் அதுக்கு எதுவுமே தொறக்காது, திருப்பி மவுண்ட் பண்ணணும். 'ஹெல்த் டீட்டெய்ல்'னு கேட்டா செஃப் தெளிவாத்தான் சொல்லும், கிளஸ்டரை விட நல்லாவே சொல்லும், கேக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கணும் அவ்வளவுதான். அதோட மூணு மெஷின், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கிட்டத்தட்ட 4 ஜிபி ரேம், நல்ல ஸ்விட்ச், கரண்ட் பில். எட்டு பேர் ஆபீஸுக்கு இது, கோழிக் குஞ்சு வளர்க்க யானைக் கொட்டாய் கட்டுற கதை.

மூணாவது, ஓனர் அண்ணனோட மச்சான் சொன்னது. "விண்டோஸ் சர்வர்லயே டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் இருக்கே, எங்க ஆபீஸ்ல அதுதான், பிரச்னையே வந்ததில்ல." பிரச்னையே வந்ததில்லைங்கிற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும். டிஎஃப்எஸ் ஆர், அதாவது அந்த ரெப்ளிகேஷன், ரெண்டு கிளை ஆபீஸுக்கு நடுவுல டாகுமென்ட் அனுப்பி வைக்க நல்ல சாமான், மெதுவான லைன்லயும் மாறின துண்டை மட்டும் அனுப்பும். ஆனா சர்வருக்கு சர்வர் ஃபைல் லாக் கிடையாது. ரெண்டு பக்கமும் ஒருத்தர் ஒருத்தர் மாத்தினா, கடைசியா எழுதினவர் ஜெயிச்சார். தோத்த காப்பியை மறைஞ்சு கிடக்கிற 'கான்ஃப்ளிக்ட் அண்ட் டிலீட்டட்' ஃபோல்டர்ல போட்டுட்டு வாய மூடிக்கும், அந்த ஃபோல்டருக்கும் ஒரு அளவு உண்டு, ரொம்பினா பழசு போயிரும். யூசருக்கு ஒரு எரரும் வராது. எங்க ஆர்டர் ஷீட் இதுல இருந்திருந்தா அந்த நிச்சயதார்த்தம் காணாமப் போனதே நிச்சயதார்த்தத்தன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.

இதுல வர்ற ஃபைல் பிரச்னையும் வேற ஜாதி. 'அந்த சர்வர்ல இருக்கு, இந்த சர்வர்ல இல்ல'ன்னு வருவாங்க. முதல்ல பேக்லாக், அதாவது இன்னும் போகாம நிக்கிற ஃபைல், எவ்வளவுன்னு பாருங்க, ஆயிரக்கணக்குல நின்னா பெரும்பாலும் ஸ்டேஜிங் இடம் (அனுப்புறதுக்கு முன்னாடி அடுக்கி வைக்கிற இடம்) பத்தல. அது டீஃபால்ட்டா 4 ஜிபி, மைக்ரோசாஃப்ட் கணக்கு என்னன்னா அந்த ஃபோல்டர்ல இருக்கிற ரொம்பப் பெரிய 32 ஃபைலைக் கூட்டி வர்ற அளவாவது கொடுங்கங்கிறது. கல்யாண வீடியோ ஒண்ணு 30 ஜிபின்னா 32ஐப் பெருக்கிக்குங்க, கிட்டத்தட்ட ஒரு டிபி, ஸ்டேஜிங்குக்கு மட்டும். பேக்லாக் காலியா இருந்தும் ஃபைல் வரலைன்னா பேரைப் பாருங்க, அலைக்குறியில ஆரம்பிக்கிறது, டாட் பிஏகே, டாட் டிஎம்பி எல்லாம் டீஃபால்ட்டாவே போகாது. பேரும் சரியா இருந்தா டெம்பரரி ஆட்ரிபியூட் இருக்கான்னு பாருங்க, சில சாஃப்ட்வேர் அதை வச்சுட்டே சேவ் பண்ணும், டிஎஃப்எஸ் ஆர் அதைக் கண்டுக்காமப் போயிரும். ஒரு சர்வர் 60 நாளுக்கு மேல தொடர்பு இல்லாம இருந்தா அதை உள்ள சேர்க்கவும் மறுக்கும். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (எல்லா யூசர், மெஷின் கணக்கையும் ஒரே இடத்துல வைக்கிற விண்டோஸ் ஏற்பாடு) வேற வேணும், ஸ்டுடியோவுல அது இல்ல. மச்சானுக்கு வலிக்காமச் சொல்லிட்டேன்.

டிஆர்பிடியையும் பார்த்தேன், அது ஃபைல் அளவுல இல்லாம முழு டிஸ்க்கையே பிரதி எடுக்கும், ஸ்ப்ளிட் ஆனா 17 ஃபைலுக்குப் பதிலா முழு டிஸ்க்கும் 'இதுவா அதுவா'ன்னு நிக்கும், அங்கயே விட்டுட்டேன். மெஷினுக்கு மெஷின் ஃபோல்டரை ஒண்ணா வைக்கிற சின்க்திங் எனக்குப் பிடிச்ச ஒண்ணு, மோதல் வந்தா தோத்த காப்பிக்குப் பேரை மாத்தி அதே ஃபோல்டர்ல பக்கத்துலயே வச்சிரும், எந்த எடிட்டரும் கண்ணால பார்ப்பாங்க, ஆனா 400 ஜிபி கல்யாணத்தை ஓட ஓட எடிட் பண்றதுக்கு அது இல்ல. கிளவுடும் அப்படித்தான், கிகாபிட் லைன் முழுசாக் கிடைச்சாலும் 400 ஜிபி ஏற கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஒரு சனிக்கிழமை மூணு கல்யாணம்னா கணக்குப் பார்த்துக்கோங்க.

இந்த இடத்துல ஒரு பழைய கதை. அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டியில 1980கள்லயே இந்தத் தலைவலி எல்லாம் வந்தாச்சு. அங்க உருவான ஏஎஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டத்துல ஒரு வால்யூமுக்கு எழுதுற காப்பி ஒண்ணே ஒண்ணுதான், மத்தது எல்லாம் படிக்க மட்டும், எழுதி முடிச்சுட்டு 'ரிலீஸ்' பண்ணாத்தான் மத்த காப்பிக்குப் போகும். 'நான் மாத்தினது எனக்கே தெரியல'ன்னு ஏஎஃப்எஸ் ஆளுங்க புலம்பினா பாதி நேரம் ரிலீஸ் பண்ண மறந்திருப்பாங்க, மீதி நேரம் கெர்பரோஸ் டோக்கன், அதாவது லாகின் சீட்டு, காலாவதி. அதே இடத்துல ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச சத்யநாராயணன் குழு 1987ல கோடான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அது லைன் இல்லாமலே எழுத விட்டுச்சு, மோதல் வந்தா அந்த ஃபைல் எங்கயும் போகாத ஒரு சிம்லிங்க்கா (ஷார்ட்கட் மாதிரி) மாறி நிக்கும், ஆள் வந்து ரிப்பேர் டூல்ல சரி பண்ணணும். மறைக்காம முகத்துக்கு நேரா காட்டுற அந்த முறை எனக்கு இன்னிக்கும் மரியாதையாத்தான் படுது. ஆனா ஏஎஃப்எஸ்ஸோட அந்த ஒரே எழுதுற காப்பிதான் என் மண்டையில உக்காந்துச்சு.

ஏன்னா நாலாவது வழி அதுதான். ஒரு சர்வர் மட்டும் எழுதும். ஸெட்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம், உள்ள டிஸ்க்குகள் மிர்ரர் (ஒண்ணுல இருக்கிறதே இன்னொண்ணுலயும்), அதனால ஒரு டிஸ்க் போனா வேலை நிக்காது. 15 நிமிஷத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துல ஃபைல் எல்லாம் இருந்தபடி ஒரு நகல்), அது ரெண்டாவது சர்வருக்கு அனுப்பப்படும், அங்க படிக்க மட்டும். கேபிள் கழண்டா என்ன ஆகும்? அந்த ரூமுக்கு ஷேரே கிடைக்காது, உடனே கத்துவாங்க. ரெண்டு காப்பி ஒண்ணோட ஒண்ணு சண்டை போட வழியே இல்ல. ஃபைல் தொறக்கலைன்னா பார்க்க வேண்டியது மூணுதான்: லைன் இருக்கா, உரிமை இருக்கா, டிஸ்க் நல்லா இருக்கா. யாராவது ஃபைலைக் கெடுத்துட்டா விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்'ல பழசை அவங்களே எடுத்துக்கலாம், சாம்பாவுல அதுக்கு ஷேடோ காப்பி மாட்யூல் இருக்கு. என்னைக் கூப்பிட வேண்டியதே இல்ல.

குறை இருக்கு, மறைக்கல. முதல் சர்வர் பவர் சப்ளை வெடிச்சா கடைசி 15 நிமிஷ வேலை போச்சு, ரெண்டாவதுக்குத் தானா மாறாது, ஒரு ஆள் உக்காந்து மாத்தணும். ஓனர் அண்ணே இதைக் கேட்டதும் முகம் சுருங்கிருச்சு. "அப்ப ரெண்டு சர்வருக்கு நான் எதுக்குப்பா காசு குடுத்தேன்?" நான் திருப்பிக் கேட்டேன், "அண்ணே, ஒரு மணி நேரம் வேலை நின்னா உங்களுக்கு என்ன நஷ்டம்? ரெண்டு பேர் செஞ்ச வேலை ஒண்ணை ஒண்ணு அழிச்சா என்ன நஷ்டம்?" முதல் கேள்விக்கு 'பசங்க கீழ போய் டீ குடிப்பாங்க'ன்னார். ரெண்டாவதுக்கு அந்த நிச்சயதார்த்த வீட்டம்மா தேக்கா பக்கம் அவரைப் பார்த்தா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சிருப்பார் போல, பேசாம கோப்பிய முடிச்சார்.

எல்லாருக்கும் இதுதான் சரின்னு நான் சொல்லல. எனக்கு இன்னொரு கஸ்டமர், டியூஷன் சென்டர், வெப் சர்வர் மூணு, எல்லாம் ஒரே ரேக், மாணவர்கள் அப்லோட் பண்ற பிடிஎஃப் எந்த சர்வர்ல இருந்தும் தெரியணும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு செத்தா பையன் ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. ஒரு ஃபைலை ரெண்டு பேர் மாத்துறது அங்க நடக்கவே நடக்காது, ஏத்துறது ஒரு தடவை, படிக்கிறது நூறு தடவை. அங்க கிளஸ்டர் ஆர்பிட்டரோடதான் ஓடுது, மாத்துற எண்ணமும் இல்ல. இருபது முப்பது டிஸ்க், சம்பளத்துக்கு ஒரு ஸ்டோரேஜ் ஆள்னு இருந்தா செஃப்தான் சொல்லுவேன். யோசிக்காம வேண்டாம்னு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ஆர்பிட்டர் இல்லாத ரெப்ளிகா 2. இப்ப உங்க ஆபீஸ்ல அது ஓடிட்டு இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு பழைய மினி பிசி தேடுங்க.

மாத்துறதுக்கு மார்கழி வரைக்கும் காத்திருந்தோம், தமிழ்க் கல்யாணம் எடுக்கிறவங்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் மூச்சு விடற மாசம். அதுவரைக்கும் எல்லாரையும் ஒரே சர்வர் ஷேர்ல மாட்டிட்டு, சிம் லிம்ல புது கேபிள் வாங்கி, சுவரோரமா குழாய்க்குள்ள விட்டேன். டேட்டா நகர்த்த ரெண்டு ராத்திரி. அப்புறம் அண்ணே முன்னாடியே முதல் சர்வர் பவர் கார்டைப் புடுங்கிட்டு ரெண்டாவதுக்கு மாத்திக் காட்டுறேன்னு சவால் விட்டேன். ரெண்டாவதுல காப்பியை எழுதுற நிலைக்கு மாத்தி, ஐபி அட்ரஸை மாத்தி, சாம்பாவை ஸ்டார்ட் பண்ணி, எல்லாம் பக்காவா வந்துச்சு, ஒருத்தருக்கும் லாகின் ஆகல. சாம்பாவோட பாஸ்வேர்டு ஃபைலை ரெண்டாவதுக்குக் காப்பி பண்ணவே இல்ல நான். ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, கதவு சாவி மட்டும் செத்த மெஷினுக்குள்ள. மொத்தம் 40 நிமிஷம், அண்ணே வாட்சைப் பார்த்துட்டே நின்னார்.

பாஸ்வேர்டு ஃபைலையும் தினமும் அனுப்ப ஏற்பாடு பண்ணிட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையா தமிழ்ல ஒரு தாள்ல எழுதி ரெண்டாவது சர்வர் மேல ஒட்டினேன். அடுத்த வாரம் அந்தத் தங்கச்சியைச் செய்யச் சொல்லிட்டு நான் வாயே தொறக்காம ஓரமா உக்காந்திருந்தேன். 14 நிமிஷம். நாலாவது வரியில மட்டும் நின்னு ரெண்டு தடவை படிச்சுச்சு, அப்புறம் பேனாவை எடுத்து நான் எழுதினதை அடிச்சுட்டு பக்கத்துல அதுக்குப் புரியற மாதிரி திருப்பி எழுதிச்சு. அந்தத் தாள் இப்பவும் அப்படியேதான் ஒட்டியிருக்கு, அடிச்சது அடிச்சபடி.